தட்டின் முன்னால் தீர்ப்பு வேண்டாம்

பதின்ம வயதுப் பிள்ளைகள் வளரும் வீடுகளில் இருக்கும் பெரியவர்களுக்கு,

இந்த மடல் அப்பா அம்மாவுக்கு மட்டுமல்ல. லீவுக்கு வந்துபோகும் பெரியம்மா, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காரும் மாமா, தினமும் தட்டு வைக்கும் பாட்டி, படிக்கட்டில் பார்த்து நலம் விசாரிக்கும் எதிர்வீட்டு ஆன்ட்டி எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதப்படுகிறது. 13 வயதுக்கும் 19 வயதுக்கும் நடுவில் ஒரு பிள்ளை எவ்வளவு சாப்பிடும், எதை ஒளித்துச் சாப்பிடும், எப்போது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகும் என்பதெல்லாம் சமையலை மட்டும் பொறுத்ததல்ல. சாப்பிடும்போது காதில் என்ன விழுகிறது என்பதையும் பொறுத்தது. அப்படி விழும் வார்த்தைகளில் பெரும்பகுதி உங்களுடையவை.

"என்னடி இப்படி ஊதிட்டே?" "எலும்பும் தோலுமா இருக்கானே, வீட்ல சோறு போடறதில்லையா?" "ரெண்டு தோசையோட நிறுத்து, நாளைக்கு உன்னை யார் கட்டிக்குவா?" "மார்க்தான் வரல, சோறு மட்டும் நல்லா இறங்குது." இவற்றில் சிலவற்றை அக்கறையாகச் சொல்கிறீர்கள், சிலவற்றை விளையாட்டாகச் சொல்கிறீர்கள். சொன்ன மறுநிமிடம் மறந்தும் போகிறீர்கள். கேட்ட பிள்ளைக்கு அது மறப்பதில்லை. அடுத்த வேளை சாப்பிட உட்காரும்போது அந்த வார்த்தையும் கூடவே வந்து உட்காருகிறது. உங்கள் அன்பைப் பற்றி இந்த மடலுக்குச் சந்தேகம் இல்லை. அந்த அன்பு சாப்பாட்டு நேரத்தில் எந்த வார்த்தையாக வெளியே வருகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் அந்த உடம்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒருவர் வளர்ந்து முடித்த பிறகு இருக்கப்போகும் எடையில் ஏறக்குறைய பாதி, பதின்ம வயதின் இந்தச் சில வருடங்களில்தான் கூடுகிறது. உயரத்தில் 15 முதல் 20 சதவீதமும் இப்போதுதான் சேர்கிறது. பெண் பிள்ளைகள் 11, 12 வயதில் வேகமாக உயர்கிறார்கள். பையன்கள் அதற்கு ஏறத்தாழ 2 வருடம் கழித்து உயர்கிறார்கள். பெண் பிள்ளைக்கு இடுப்பிலும் தொடையிலும் மார்பிலும் கொழுப்பு சேர்வது மாதவிடாய்க்காக உடம்பு தானே செய்துகொள்ளும் ஏற்பாடு. பையனுக்கு உயரம் முன்னால் ஓடும், சதைப்பற்று பின்னால் வரும். அதனால் ஒரு வருடம் அவன் கம்பு மாதிரி தெரிவான். ஆக, "ஊதிட்டே" என்று நீங்கள் சொல்லும் பெண்ணும், "காத்துல பறந்துடுவே" என்று நீங்கள் சொல்லும் பையனும் பெரும்பாலும் வளர வேண்டிய விதத்தில்தான் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

பசியும் அப்படித்தான். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2110 கலோரி போதும். 16 முதல் 18 வயதுப் பையனுக்கு 3320 கலோரி வேண்டும், அதே வயதுப் பெண்ணுக்கு 2500 கலோரி. அப்பாவைவிட மகன் இரண்டு கரண்டி சோறு கூடக் கேட்பதும், அம்மாவைவிட மகளுக்குச் சீக்கிரம் பசிப்பதும் உடம்பு போட்டுவைத்த கணக்கு. அதைப் பெருந்தீனி என்று பெயர் வைத்துக் கூப்பிடுவது அநியாயம்.

இதில் இன்னொரு வருத்தமும் இருக்கிறது. 1956இல் காமராஜர் காலத்தில் தமிழ்நாடு முழுக்கப் பரவி, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்து, பிறகு முட்டையும் சேர்ந்த பள்ளி மதிய உணவு, 10ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உடம்பு மிக அதிகமாகக் கேட்கும் பிளஸ் ஒன், பிளஸ் டூ வருடங்களில் அரசின் தட்டு இல்லை. அந்த இரண்டு வருடமும் பிள்ளைகள் முழுக்க முழுக்க உங்கள் அடுக்களையை நம்பியிருக்கிறார்கள். அங்கேயும் கேலி காத்திருந்தால் அவர்கள் எங்கே போவார்கள்?

ஒரு வார்த்தை என்ன செய்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ்டி ஹென்ரிச் என்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையின் கதையைக் கேளுங்கள். 1988இல் புடாபெஸ்டில் ஒரு போட்டியின்போது நடுவர் ஒருவர் அவரிடம், ஒலிம்பிக் அணியில் இடம் வேண்டுமென்றால் எடையைக் குறைக்க வேண்டும் என்றார். அப்போது அவருக்கு 15 வயது. அடுத்த வருடம் உலகப் போட்டியில் ஒரு பிரிவில் 4ஆவது இடம் பிடிக்கும் அளவுக்குத் திறமைசாலி அவர். ஆனால் அதற்குள் சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்டே போகும் பழக்கம் அவரைப் பிடித்துவிட்டது. பிறகு அதிலிருந்து மீள எவ்வளவோ போராடினார். 1994 ஜூலையில், 22ஆவது பிறந்தநாள் முடிந்து சில நாட்களில், உடலுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து இறந்துபோனார். ஒற்றை வார்த்தையால் மட்டும் இந்த நோய் வருவதில்லை. மரபணு, குணவாகு, பயிற்சியின் கெடுபிடி எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. ஆனால் எந்தப் பிள்ளைக்குள் அந்தக் கூட்டு ஏற்கெனவே இருக்கிறது என்பது பந்தியில் உட்கார்ந்திருக்கும் மாமாவுக்குத் தெரியாது. அந்த நடுவருக்கும் தெரிந்திருக்காது.

இது எங்கோ அமெரிக்காவில் நடந்தது என்று ஒதுக்க வேண்டாம். சென்னையில் மருத்துவ மாணவர்களிடம் மனநல மருத்துவர்கள் நடத்தி 1998இல் வெளியான ஆய்வு, உணவு குறித்தும் உடல் எடை குறித்தும் மனம் நொந்துகொண்டிருந்த இளைஞர்கள் இங்கேயும் இருப்பதைப் பதிவு செய்தது. முற்றிய நோய் குறைவு, ஆனால் அதற்கு முந்தைய தவிப்பு இருந்தது. அது ஸ்மார்ட்போன் வராத காலம். அந்தக் கவலையை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது செல்போன் அல்ல.

"சொன்னால்தானே குறைப்பாள்" என்று சில அம்மாக்கள் நினைக்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரப் பள்ளிகளில் 4746 பிள்ளைகளோடு 1998இல் ஓர் ஆய்வு தொடங்கியது. டயான் நியூமார்க்-ஸ்டெய்னர் தலைமையில் நடந்த அந்த ஆய்வு, 5 வருடம் கழித்து அதே பிள்ளைகளில் பலரை மறுபடி தேடிப்போய்ப் பார்த்தது. பட்டினி கிடந்தும் வேளையைத் தவிர்த்தும் எடையைக் குறைக்கப் பார்த்த பிள்ளைகள், அப்படிச் செய்யாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 3 மடங்கு அதிகமாக அதிக எடைக்குள் போயிருந்தார்கள். கட்டுக்கடங்காமல் அள்ளிச் சாப்பிடும் பழக்கமும் அவர்களிடம்தான் அதிகம் இருந்தது. வீட்டில் எடையைச் சொல்லிக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகளிடமும் இதே கோளாறுகள் கூடுதலாகத் தெரிந்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2016இல் மருத்துவர்களுக்கும் பெற்றோருக்கும் கொடுத்த வழிகாட்டலில், பிள்ளையின் எடையைப் பற்றிப் பேசாதீர்கள், டயட் இருக்கச் சொல்லாதீர்கள், குடும்பத்தில் கேலியை அனுமதிக்காதீர்கள், சேர்ந்து சாப்பிடுங்கள் என்று வெளிப்படையாகவே சொன்னது. உடல் பருமனைத் தடுப்பதற்காக எழுதப்பட்ட வழிகாட்டலும் இதே அறிக்கைதான் என்பதைக் கவனியுங்கள்.

பட்டினி ஏன் இப்படித் திருப்பி அடிக்கிறது? இதற்குப் பதில் 80 வருடங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், பசியால் வாடிய மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிய, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். 1944 நவம்பரில் தொடங்கிய அந்தச் சோதனைக்கு, ஆயுதம் தூக்க மறுத்து மாற்றுச் சேவை செய்துகொண்டிருந்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமாக இருப்பவர்கள் என்று சலித்து எடுக்கப்பட்டவர்கள். 24 வாரம் அவர்களுக்கு ஏறத்தாழ பாதிச் சாப்பாடுதான். நாளொன்றுக்கு 1570 கலோரி அளவில் உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. எடையில் கால் பங்கு இறங்கியது. ஆனால் ஆய்வாளர்களை அதிகம் திகைக்கவைத்தது மனதில் நடந்ததுதான். அதுவரை அரசியலும் மதமும் பேசிக்கொண்டிருந்தவர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டையே பேசினார்கள். சமையல் புத்தகங்களை வாங்கிக் கதைப் புத்தகம் போலப் படித்தார்கள். தட்டில் இருந்த கொஞ்சத்தைத் தண்ணீர் ஊற்றிப் பெருக்கி, இரண்டு மணி நேரம் இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள். தட்டை நக்கினார்கள். சிடுசிடுத்தார்கள், தனிமையைத் தேடினார்கள், வெயில் காலத்திலும் குளிருகிறது என்றார்கள். சோதனை முடிந்து தாராளமாகச் சாப்பாடு கிடைத்தபோது வயிறு முட்டச் சாப்பிட்டும் சிலருக்குப் பசி அடங்கவில்லை. அந்த அனுபவம் 1950இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தது.

இப்போது உங்கள் வீட்டுப் பெண்ணைப் பாருங்கள். இரவு 11 மணிக்குச் சமையல் ரீல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தங்கைக்கு விதவிதமாகச் செய்துகொடுக்கிறாள், தான் வாயில் வைப்பதில்லை. ஒரு தோசையை அரைமணி நேரம் பிய்க்கிறாள். எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுகிறாள். இதைத் திமிர் என்றும் வயசுக் கோளாறு என்றும் நீங்கள் சொல்கிறீர்கள். இவை பசியின் அறிகுறிகள். இணையத்தில் சுற்றிவரும் டயட் அட்டவணைகளில் 1200 கலோரி என்று அடிக்கடி கண்ணில் படுகிறது. பட்டினிச் சோதனைக்கு உட்பட்ட அந்த இளைஞர்களுக்குக் கொடுக்கப்பட்டதைவிடவும் அது குறைவு. வளரும் பெண்ணுக்கு வேண்டியதில் பாதிகூட இல்லை. அதைச் சுவரில் ஒட்டிவைத்துப் பின்பற்றும் பிள்ளை ராத்திரி யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்தால், அது மன உறுதிக் குறைவு அல்ல. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. மறுநாள் காலையில் காலி டப்பாவைக் காட்டி எல்லோர் முன்னாலும் நீங்கள் கேட்கும் கேள்வி, அவளை மறுபடி பட்டினிக்குத் தள்ளுகிறது. இந்தச் சுழற்சியில் எத்தனை பிள்ளைகள் மாட்டிக்கொண்டிருக்கிறார்களோ!

ஊட்டுவதிலும் இதே சிக்கல் இருக்கிறது. ஒரு பருக்கையும் மிச்சம் வைக்காதே என்று பாட்டி சொல்வதற்கு ஒரு வரலாறு உண்டு. பஞ்சத்தையும் ரேஷன் வரிசையையும் பார்த்த தலைமுறை அது. சோற்றின் அருமை அவர்கள் சொல்லித்தான் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அமெரிக்காவில் சின்னக் குழந்தைகளிடம் சூப்பைக் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனை இருக்கிறது. சூப்பை முடி, சூப்பை முடி என்று வற்புறுத்தப்பட்டபோது குழந்தைகள் குறைவாகக் குடித்தார்கள், பிடிக்கவில்லை என்று அதிகம் முனகினார்கள். சும்மா விட்டபோது கூடுதலாகக் குடித்தார்கள். லியான் பிர்ச்சும் ஜெனிஃபர் ஃபிஷரும் 1999இல் வெளியிட்ட இன்னொரு சோதனையில், கண்ணெதிரே ஜாடியில் வைத்து எடுக்காதே என்று தடுக்கப்பட்ட பிஸ்கட்டின் மேல்தான் குழந்தைகளுக்கு ஆசை ஏறியது. அவை மழலைகளிடம் நடந்த சோதனைகள். 15 வயதில் கையில் காசு இருக்கிறது, ட்யூஷன் போகும் வழியில் கடை இருக்கிறது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. 51ஆவது மீட்டரில் எல்லாம் கிடைக்கும். வீட்டில் தடுக்கப்பட்டது அங்கே அவசர அவசரமாக, குற்றவுணர்வோடு விழுங்கப்படுகிறது.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் பல வருடங்களாகச் சொல்லிவரும் ஒரு பிரிவினை இங்கே உதவும். என்ன சமையல், எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். எவ்வளவு, சாப்பிடலாமா வேண்டாமா என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. "உனக்கு என்ன வேணும், நூடுல்ஸா பரோட்டாவா?" என்று கேட்டு வாங்கிக்கொடுத்துவிட்டு, "இவ்ளோதானா சாப்பிடுவே?" என்றோ, "இன்னுமா சாப்பிடறே?" என்றோ அளவை மட்டும் நீங்கள் கையில் வைத்துக்கொள்கிறீர்கள்.

அடுத்தது மார்க். பிளஸ் டூவும் நீட்டும் வந்த வீட்டில் சாப்பாட்டு நேரம்தான் விசாரணை நேரம். பிள்ளை நாள் முழுக்கப் பள்ளி, பிறகு கோச்சிங், பிறகு அறைக்கதவுக்குப் பின்னால். அகப்படுவது இரவுச் சாப்பாட்டின்போது மட்டும். அதனால் மாதிரித் தேர்வு மார்க், பக்கத்து வீட்டுப் பையன் மார்க், கட்டிய ஃபீஸ் எல்லாம் ரசத்தோடு சேர்த்துப் பரிமாறப்படுகிறது. பதற்றத்தில் சில பிள்ளைகளுக்கு வயிறு அடைத்துக்கொள்ளும். வேறு சில பிள்ளைகளுக்கு வாய் எதையாவது தேடும், அதுவும் இனிப்பையும் எண்ணெயையும் தேடும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மனநல சிகிச்சைக்கு வந்த பிள்ளைகள், வளரிளம் பருவத்தினர் பற்றி 2007இல் வெளியான ஆய்வு ஒன்று இங்கே முக்கியம். உணவுக் கோளாறு கண்டறியப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இருந்தது, மேலைநாடுகளில் பேசப்படும் ஒல்லியாகும் வெறி அல்ல. உடலில் வேறு காரணம் இல்லாமல், மன நெருக்கடியால் வரும் வாந்தி. சொல்ல முடியாததை வயிறு சொல்லியிருக்கிறது. காலையில் பள்ளி கிளம்பும்போது குமட்டுகிறது என்று சொல்லும் பிள்ளையை நீங்கள் நடிக்கிறாய் என்று அதட்டுவதற்கு முன்னால் இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. விடியற்காலை 4 மணிக்கு எழுப்பிவிடும் வீடுகளில் இது எங்கே கிடைக்கும்? 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டே இரவு 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது. பசிக்கிறது என்று சொல்லும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. மாவும் இனிப்பும் உப்பும் உள்ள பண்டங்களைத்தான் அவர்கள் அதிகம் கேட்டார்கள். ராத்திரி படிக்கச்சொல்லி விழிக்கவைத்துவிட்டு, சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்துத் திட்டுவதில் நியாயம் இல்லை.

பெண் பிள்ளைகளின் தட்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பையன்களில் 31.1 சதவீதம். 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 32 மில்லிகிராம் இரும்புச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது, பையனுக்கு 26 மில்லிகிராம். அதிகம் வேண்டியவளுக்குத்தான் பல வீடுகளில் குறைவாகக் கிடைக்கிறது. ஈரல் அண்ணனுக்கு, இரண்டாவது முட்டை தம்பிக்கு, கடைசியில் சட்டியில் ஒட்டியிருப்பது அம்மாவுக்கும் பெண்ணுக்கும். மாதவிடாய் நாட்களில் தனித்தட்டும் தனி மூலையும் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. உடம்பு ரத்தம் இழக்கும் நாளில், நீ தள்ளி உட்கார்ந்து சாப்பிடு என்று கேட்கும் பெண்ணுக்குச் சாப்பாட்டோடு என்ன உறவு வளரும்? பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையால் இதை ஈடுகட்ட முடியாது. அவள் மயங்கி விழுந்தால் சாப்பிடாமல் ஸ்டைல் பண்ணுகிறாள் என்று சொல்வதையும் இனி நிறுத்திக்கொள்ளுங்கள்.

பையன்கள் தப்பித்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். ஒல்லிப்பிச்சான் என்று கேலிக்கு ஆளானவன் ஜிம்முக்குப் போகிறான். போவது நல்லதுதான். ஆனால் அங்கே யாரோ சொன்னதைக் கேட்டு, அம்மா வைத்த குழம்பை ஒதுக்கிவிட்டு, டப்பாவில் வரும் புரோட்டீன் பொடியையும் வேகவைத்த முட்டை வெள்ளையையும் மட்டும் சாப்பிட ஆரம்பிக்கும்போது, கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் கூடும்போது, ஒருநாள் ஜிம் தவறினாலும் துடிக்கும்போது, அதுவும் அதே துயரம்தான். ஆண் பிள்ளை என்பதால் யாரும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை.

எல்லாவற்றுக்கும் செல்போன்தான் காரணம் என்று நீங்கள் சொல்வீர்கள். அதில் உண்மை இருக்கிறது. மேற்கு ஃபிஜியின் ஒரு பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. நல்ல சதைப்பிடிப்பான உடம்பை அழகு என்று கொண்டாடிய ஊர் அது. பிள்ளை இளைத்தால் குடும்பமே கவலைப்படும். ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் தொலைக்காட்சி வந்த புதிதில் பள்ளிப் பெண்களிடம் விசாரித்தபோது, எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. 1998இல் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். 2021இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளிப்படுத்திய ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்களில், தங்கள் உடம்பைப் பற்றி ஏற்கெனவே வருந்தும் பதின்ம வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தை அதிகமாக்குகிறது என்று கூறியிருந்தது தெரியவந்தது. திரை செய்யும் கேடு உண்மை. ஆனால் அந்தத் திரையை நீங்கள் திருத்த முடியாது. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தைத் திருத்த முடியும். திரையில் நூறு பேர் சொல்வதை வீட்டில் இருப்பவர்களும் வழிமொழிந்தால், பிள்ளைக்கு மாற்றுக் குரல் எங்கிருந்து வரும்?

ஆகவே சில வேண்டுகோள்கள். ஒரு நாளில் ஒரு வேளையாவது, முடிந்தால் இரவில், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். முன்பு சொன்ன மினியாபொலிஸ், செயின்ட் பால் பள்ளிகளின் ஆய்வில் வாரத்துக்கு 5 முறையோ அதற்கு மேலோ குடும்பத்தோடு சாப்பிட்ட பெண் பிள்ளைகளிடம், 5 வருடம் கழித்தும் எடை குறைப்பதற்கான ஆபத்தான பழக்கங்கள் குறைவாகவே இருந்தன. அந்த அரைமணி நேரத்தில் யாருடைய உடம்பையும் பற்றிப் பேசாதீர்கள். பிள்ளையின் உடம்பு மட்டுமல்ல, உங்கள் தொப்பையை நீங்களே நொந்துகொள்வதும், டிவியில் வரும் நடிகை பெருத்துவிட்டதைச் சொல்வதும் அவர்கள் காதில் விழத்தான் செய்கிறது. மார்க்கை வேறு நேரத்தில் பேசுங்கள். மார்க் வாங்கினால் பிரியாணி, குறைந்தால் இரவுச் சாப்பாடு கிடையாது என்ற பேரத்தைக் கைவிடுங்கள். பெண்ணுக்கும் பையனுக்கும் ஒரே அளவு முட்டை வையுங்கள். உறவினர் யாராவது வாய் திறந்தால் பிள்ளையின் முன்னாலேயே, "அதை விடுங்க மாமா, அவ நல்லாத்தான் வளர்றா" என்று சொல்லுங்கள். நீங்கள் தன் பக்கம் நின்றதைப் பிள்ளை பார்க்க வேண்டும்.

கடைசியாக, கவனிக்க வேண்டியவை. சில மாதங்களில் எடை சட்டென்று இறங்குவது, மாதவிடாய் நின்றுபோவது, கொத்துக்கொத்தாக முடி உதிர்வது, எப்போதும் குளிருவது, சாப்பிட்ட உடனே தவறாமல் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது, விரல் முட்டிகளில் காயத் தழும்பு, உணவு மறைந்துபோவது, யாரோடும் சேர்ந்து சாப்பிட மறுப்பது. இவற்றைப் பார்த்தால் அதட்டவும் வேண்டாம், கோயிலுக்கு நேர்ந்துகொண்டு காத்திருக்கவும் வேண்டாம். அனோரெக்ஸியா என்ற உணவு மறுப்பு நோய், மனநோய்களிலேயே உயிரிழப்பு மிக அதிகமுள்ள நோய்களில் ஒன்று. இதயத்துடிப்பே குறைந்துபோகும். சீக்கிரம் சிகிச்சைக்கு வந்த பிள்ளைகள் நன்றாகத் தேறுகிறார்கள். லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவாகி, 1987இல் முதல் சோதனை முடிவுகள் வெளியான குடும்பவழிச் சிகிச்சை, இந்த நோய்க்குப் பெற்றோரைக் குற்றவாளியாக நிறுத்துவதில்லை. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வேளையையும் பொறுமையாகச் சாப்பிடவைக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுக்கிறது. சின்ன வயதில் நோய் தொடங்கிய பிள்ளைகளுக்கு அது நல்ல பலன் கொடுத்திருக்கிறது. பழைய தவறுகளை எண்ணி நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை, சிகிச்சையே உங்களைத்தான் கூப்பிடுகிறது.

முதலில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போய் எடை, நாடித்துடிப்பு, ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளை தானாகக் கூப்பிடும் என்று காத்திருக்காதீர்கள். அந்த முதல் அழைப்பை நீங்கள் செய்யுங்கள்.